புறவாசல் செம்மண்ணில் படர்ந்த பச்சை: அது என்ன பாசி, ஏன் அந்த இடத்தில் மட்டும்?

திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதியிருப்பது இது. வீட்டின் புறவாசலில், வளவுச் சுவரின் வடபக்கத்தை ஒட்டி, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் யாரும் மிதிக்காத ஒன்றரை அடிச் செம்மண் தரை. ஐப்பசி மழைக்கு அப்புறம் அதில் வெல்வெட் துணி விரித்ததுபோல் ஒரு பச்சை படர்ந்தது. தை பிறந்ததும் அதிலிருந்து தலைமுடி கனத்தில் சிவப்புக் காம்புகள் எழும்பி, நுனியில் குனிந்த தலையோடு நிற்கின்றன. செல்போன் ஆப் ஒன்று படத்தைப் பார்த்து ‘ஸ்ஃபேக்னம்’ என்று சொல்லிவிட்டது. இது நம்ம ஊர்ப் பாசிதானா, வெளியிலிருந்து வந்ததா, மண் கெட்டுப்போன அடையாளமா, சுரண்டி எடுத்துவிடலாமா என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அந்த நான்குக்கும் அடியில் இரண்டு கேள்விதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இதன் பெயர் என்ன என்பது ஒன்று. இவ்வளவு பெரிய வளவில் இது ஏன் அந்த ஒன்றரை அடியைப் பிடித்துக்கொண்டது என்பது இன்னொன்று. முப்பது வருஷத்துக்கு மேல் தாவரவியல் சொல்லிக்கொடுத்ததில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரையிலும் கோயில் மதிலடியிலும் குனிந்து பார்த்ததில் நான் கற்றுக்கொண்டது, பாசியைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதுதான். இடத்தைச் சரியாகப் பார்த்துவிட்டால் பெயர் பாதி வந்துவிடும்.

முதலில் நேரடிப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் படத்தில் இருப்பது மாஸ் வகைத் தாவரம். அதில் சந்தேகமே இல்லை. அது பிரையம் என்ற பேரினத்தைச் சேர்ந்தது என்பது ஏறக்குறைய உறுதி. அதற்குள் எந்த இனம் என்று கேட்டால், பிரையம் கொரோனேட்டம் ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பேன். ஆனால் அதைப் படத்தை வைத்து முடிவுகட்ட முடியாது. ஸ்ஃபேக்னம் நிச்சயமாக இல்லை. அது நீர் தேங்கிய, புளிப்பேறிய (அமிலம் கூடிய), குளிர்ந்த சதுப்பில் வளர்வது. நர்சரிகளில் ஆர்க்கிட் செடிக்கு வைக்கக் காயவைத்துப் பொட்டலமாக விற்கிறார்களே, அந்தப் பழுப்பு நார்தான். தாமிரபரணிக் கரையின் வீட்டுத் தரையில் அதற்கு வேலையில்லை. ஆப் செய்தது தப்பு என்றாலும் அதில் ஆச்சரியம் இல்லை. அதற்குப் பச்சை மெத்தை தெரியும். எந்த மண்ணில், எந்தச் சுவரடியில் என்பது தெரியாது.

பெயரில் குழப்பம் வருவதற்கு நம் சொல்லும் ஒரு காரணம். தமிழில் ‘பாசி’ என்ற ஒரே சொல் எத்தனையோ உயிர்களுக்குப் போகிறது. குளத்தில் நூல் நூலாக மிதப்பது பாசி, அது ஆல்கா. மசாலாவுக்கு மளிகைக்கடையில் வாங்குகிற கல்பாசி, பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழ்கிற லைக்கன். கடல்பாசி கடலில் விளையும் ஆல்காவிலிருந்து வருகிறது. படித்துறையில் இறங்கும்போது ஆச்சிமார் “பாசம் பிடிச்சிருக்கு, பாத்து இறங்கு” என்பார்களே, காலை வாரிவிடும் அந்த வழுவழுப்பு பெரும்பாலும் ஆல்காவும் நீலப்பச்சை நுண்ணுயிர்களும் சேர்ந்த படலம். மழை பெய்த மறுநாள் மொட்டைமாடியிலும் மைதானத்திலும் கரும்பச்சை ஜெல்லி மாதிரி மடிந்து மடிந்து கிடப்பது நாஸ்டாக். வெயில் ஏறினால் கறுத்த காகிதம்போல் ஒட்டிக்கொள்ளும். இவை எதுவும் மாஸ் இல்லை. மாஸ் என்பது தண்டும் இலையும் உள்ள செடி, ஆனால் பூ இல்லை, விதை இல்லை, வேரும் இல்லை. இந்தப் பதிலில் குழப்பம் வராமல் இருக்க அதைத் தரைப்பாசி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நீங்களே சரிபார்த்துக்கொள்ள ஒரு வழி. ஒரு பத்து மடங்கு லென்ஸ் தேடிப் பிடியுங்கள். வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸ் இருந்தாலும் காரியம் நடக்கும். மெத்தையின் ஓரத்தில் நகத்தால் மெல்லக் கிள்ளி, நாலைந்து செடிகளை மட்டும் எடுத்து வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் போடுங்கள். ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள தனிச்செடி என்று தெரியும். அடியில் செம்மண்ணைக் கவ்விக்கொண்டு பழுப்பு நூல்கள் இருக்கும். அவற்றை வேர் என்று நினைக்க வேண்டாம். பாடப்புத்தகம் வேரிகள் என்று சொல்கிற பிடிமான நூல்கள் அவை. இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நடுவில் ஒரே ஒரு நரம்பு அடியிலிருந்து நுனிவரை ஓடும். அந்த நரம்பைத் தவிர்த்த இலைப்பரப்பு ஒரே ஒரு செல் கனம்தான். அந்த மெல்லிய இலை வழியாகத்தான் இந்தச் செடி தண்ணீர் குடிக்கிறது. மேலே விழுந்த மழையையும் பனியையும் உடம்பு முழுக்க உறிஞ்சிக்கொள்ளும். காற்று காய்ந்தால் கூடவே தானும் காயும்.

அப்புறம் அந்தச் சிவப்புக் காம்புகள். உங்கள் கேள்வியில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி, ‘நுனியில் குனிந்த தலை’ என்று எழுதியிருந்ததுதான். அடையாளம் காண்பதற்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. அந்தத் தலை காப்ஸ்யூல். உள்ளே ஸ்போர் தூள் இருக்கிறது; விதைக்குப் பதிலாக இந்தச் செடி பரவுவது அந்தத் தூளால்தான். மழைத்தண்ணீர் மெல்லிய படலமாகச் செடிகளை மூடியிருக்கும்போது ஆண் அணு அதில் நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேர்ந்தால்தான் இந்தக் காம்பு முளைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையின் விளைவை நீங்கள் தையில் பார்க்கிறீர்கள். பிரையத்தில் காப்ஸ்யூல் காம்பின் நுனியில் வளைந்து தலைகீழாகத் தொங்கும். கொரோனேட்டமாக இருந்தால் அது குட்டையாக, தடித்து, முற்றியதும் கருஞ்சிவப்பாக இருக்கும். காம்போடு சேரும் கழுத்துப் பகுதி மட்டும் புடைத்து, காப்ஸ்யூலின் மற்ற பகுதியைவிட அகலமாகத் தெரியும். உங்கள் மூன்றாவது படத்தில் அந்தப் புடைப்பு இருப்பதுபோல்தான் எனக்குத் தெரிகிறது. ஆனால் படம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது. அதனால்தான் ‘வாய்ப்பு அதிகம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முற்றிய காப்ஸ்யூல் கிடைத்தால் ஒரு காரியம் செய்து பாருங்கள். அதன் வாயில் மூடி ஒன்று தொப்பிபோல் இருக்கும். காய்ந்தபிறகு தானே கழன்றுவிடும். மூடி கழன்ற தலையை லென்ஸின் கீழே பிடித்தால் வாயைச் சுற்றி 16 பற்கள் ஒரு வட்டமாக நிற்கும், அதற்கு உள்ளே இன்னொரு மெல்லிய வட்டம். இப்போது வாயால் மெதுவாக ஒரு மூச்சு ஊதுங்கள். உங்கள் மூச்சின் ஈரம் பட்டதும் பற்கள் உள்ளே சாயும். ஈரம் போனதும் மறுபடி நிமிரும். உயிரற்ற செல்சுவர் ஈரத்தில் நீண்டு, காய்ந்தால் சுருங்குவதால் நடக்கிற அசைவு அது. காய்ந்த காற்றில் வாய் திறந்து ஸ்போரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. எத்தனையோ வகுப்புகளில் இதைக் காட்டியிருக்கிறேன். பின்வரிசையில் அரட்டை அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் எழுந்து வந்து வரிசையில் நிற்பார்கள்.

பிரையம் என்று சொல்லும்போது வேறு எவற்றை நான் ஒதுக்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என் முடிவை நீங்கள் சோதிக்க முடியாது. நம் சமவெளியில் தரையிலும் சுவரடியிலும் சகஜமாகக் காண்பவை சில. வெள்ளிப்பூச்சு பூசினதுபோல் மினுங்கினால் அது பிரையம் அர்ஜென்டியம். இலையின் மேல்பாதியில் பச்சையம் இல்லாமல் கண்ணாடிபோல் இருப்பதால் அந்த நிறம். சிமென்ட் தளத்து விரிசல், தெருவோரக் கல்லிடுக்கு, மொட்டைமாடி என்று எங்கும் இருக்கும். அன்டார்டிகாவிலிருந்துகூட இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். உங்களுடையது நல்ல பச்சை, மினுக்கம் இல்லை. அடுத்தது ஹையோஃபிலா இன்வொலூட்டா. கிணற்றுச் சுவர், காரைச் சுவர், செங்கல், பாறை இவைதான் அதற்கு வீடு. காய்ந்தால் இலைகள் இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டு குழல் மாதிரி ஆகிக் கறுத்துப்போகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண் எதிரே பிரிந்து நட்சத்திரமாகிவிடும். அதன் காப்ஸ்யூல் நிமிர்ந்து நிற்கும், குனியாது. வாயில் பற்களும் கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டாலேயே உங்கள் செடி ஹையோஃபிலா இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் தரையிலிருந்து கண்ணை எடுத்து வளவுச் சுவரின் கீழ் இரண்டு வரிசைச் செங்கல்லைப் பாருங்கள், அங்கே அது இருந்தாலும் இருக்கும்.

மூன்றாவது ஃபிஸிடென்ஸ். இது கொஞ்சம் கூச்சமான செடி. நிழலும் ஈரமும் உறுதியாக வேண்டும். இலைகள் எதிரெதிராக இரண்டே வரிசையில் தட்டையாக அடுக்கியிருப்பதால் ஒவ்வொரு செடியும் ஒரு சின்ன இறகு மாதிரித் தெரியும். இலையின் அடியில் சட்டைப்பை போல ஒரு மடிப்பு தண்டை அணைத்துக்கொண்டிருக்கும். வேறு எந்த மாஸிலும் இந்த அமைப்பு இல்லை, அதனால் லென்ஸில் பார்த்துப் பேரினத்தைத் தைரியமாகச் சொல்லலாம். உங்கள் இரண்டாவது படத்தில் துவைக்கிற கல்லின் அடியோரம் ஒரு கரும்பச்சை விளிம்பு இருக்கிறதே, அதை ஒருமுறை கிள்ளிப் பாருங்கள். பிரையத்தின் பக்கத்திலேயே, இன்னும் ஈரமான அந்த நாலு விரல் அகலத்தில் ஃபிஸிடென்ஸ் குடியிருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நான்காவதாகப் பாடப்புத்தகத்தில் வரும் ஃபியூனேரியா. அதன் காப்ஸ்யூலும் சாயும்; ஆனால் பேரிக்காய் வடிவில் ஒருபக்கம் கோணலாக இருக்கும், காம்பு நீளம், ஈரம் ஏறி இறங்க முறுக்கிக்கொள்ளும். நெருப்பு எரிந்து சாம்பல் கிடந்த இடத்தை அது தேடிப் போகும். உங்கள் புறவாசலில் குப்பை எரித்த தடம் எதுவும் இல்லை என்பதால் அதைக் கடைசியில் வைத்தேன்.

சரி, ஏன் அந்த ஒன்றரை அடி? இதற்கு நம் ஊரின் சூரியனையும் மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 8.7 பாகையில் இருக்கிறோம். சித்திரை பிறப்பையொட்டி நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வரும். அதிலிருந்து ஆவணி நடுவரைக்கும் அது நமக்கு வடக்கே நின்று போகிறது. அந்த மாதங்களில் சுவரின் வடபக்கத்துக்கு நடுப்பகல் வெயில் உண்டு. ஆவணி நடுவுக்குப் பிறகு சூரியன் தெற்கே சாய்கிறது. மார்கழி நடுப்பகலில் உச்சியிலிருந்து 32 பாகை தெற்கே நிற்கும். அப்போது ஆறடிச் சுவரின் நிழல் வடக்கே மூன்றரை அடிக்கு மேல் விழும். நமக்கு மழை எப்போது? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வடகிழக்குப் பருவமழை வருகிற அதே மாதங்களில்தான் சுவரின் வடபக்கத்து மண்ணுக்கு நிழல் கிடைக்கிறது. மழையும் நிழலும் ஒன்றாகச் சேர்கிற அந்த மூன்று மாதம்தான் அந்தப் பாசியின் ஆயுளில் வேலை செய்கிற காலம். சுவரின் தென்பக்கத்திலும் அதே மழைதான் பெய்திருக்கும். ஆனால் அங்கே மழை விட்ட மறுநாளே மேல்மண் வெளுத்துவிடும்.

அதோடு துவைக்கிற கல்லின் சிதறல் தண்ணீர், மண்வெட்டி படாத தரை, புல் வளராத அளவுக்கு இறுகின மண், காலடி படாத மூலை. இவை எல்லாம் சேர்ந்தால்தான் தரைப்பாசிக்கு இடம். வேர் இல்லாததால் அடிமண்ணில் என்ன இருக்கிறது என்பது அதற்கு அவ்வளவாகப் பொருட்டில்லை. மேலே கால் அங்குல மண் அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தென்னை ஓலை விழுந்து ஒரு மாதம் மூடிக்கிடந்தால்கூட அடியில் வெளுத்துச் செத்துவிடும். நீங்கள் ‘ஐப்பசியில் புதிதாக வந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன வருஷமும் அது அங்கே இருந்திருக்கும். பங்குனியிலிருந்து புரட்டாசிவரை மண் நிறத்திலேயே சுருங்கிக் கிடந்திருக்கும், கண்ணில் பட்டிருக்காது. கோடையில் காய்ந்து மொறமொறப்பாகக் கிடந்த ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்துத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் இலை விரியும், பச்சை திரும்பும். அதை இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நான் நின்று பார்ப்பேன்.

இதே கணக்கை வைத்துத் திருநெல்வேலிச் சீமையைச் சுற்றிப் பார்த்தால் பாசியின் இருப்பிடம் நன்றாக விளங்கும். தென்காசி, குற்றாலம் பக்கம் போனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் சாரல் வந்துவிடுகிறது. அங்கே சுவர்களும் மரங்களும் பச்சை கட்டுகிற அதே ஆடியில், சுமார் 50 கிலோமீட்டர் கிழக்கே பாளையங்கோட்டையில் காய்ந்த மேல்காற்று மண்ணை வறுத்துக்கொண்டிருக்கும். பாசி உறங்கிக் கிடக்கும். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் தரைப்பாசி காண்பது அரிது. கரிசல் மழையில் ஊதிப் பெருத்து, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிற மண். மேற்பரப்பு வருஷா வருஷம் உடைந்தால் மெத்தை எப்படி நிலைக்கும்? திசையன்விளைப் பக்கத்துத் தேரியில் செம்மணல் காற்றோடு நகர்கிறது. அங்கேயும் அதே கதை. கன்னடியன் கால்வாய் மாதிரி வாய்க்கால்களின் நிழல் விழும் கரைச்சரிவில் ஃபிஸிடென்ஸ் தேடலாம். பிசான நெல் அறுத்த வயலில், மறு உழவுக்கு முன், ஈரச் சேற்றில் பச்சை ரூபாய்நாணயம் போல வட்டம் வட்டமாக, ஒவ்வொரு கிளையும் இரண்டிரண்டாகப் பிரிந்து படர்ந்திருப்பது ரிக்ஸியா. அது மாஸ் இல்லை, ஆனால் நெருங்கிய உறவு. அதற்குத் தண்டு, இலை என்று தனித்தனியாக இருக்காது. 2023 டிசம்பர் வெள்ளம் ஆற்றோரத் தோட்டங்களில் வண்டல் ஏற்றிவிட்டுப் போனதே, அப்படிப்பட்ட ஒரு வெற்று வண்டல் திட்டில் அடுத்த மழைக்கு முதலில் பச்சை காட்டியது பாசிதான். புல் அதற்கு அப்புறம்தான் வந்தது.

மலைக்கு ஏறினால் கதையே வேறு. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை போகிற வழியில் உயரம் கூடக் கூட, சாலைக்காக வெட்டிய மண்சுவரில் குட்டி ஈச்சங்கன்று மாதிரி விறைப்பாக நிற்கும் பொகோனாட்டம் கண்ணில் படலாம். அதன் காப்ஸ்யூல் மேல் ரோமத் தொப்பி இருக்கும். அங்கே பாசி போலத் தோன்றும் செலாஜினெல்லாவும் உண்டு. அது பெரணிகளுக்கு உறவு, அதற்கு உண்மையான வேர் இருக்கிறது. இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் கைக்குத் தெரியும். ஆனால் அங்கே இழுக்க வேண்டாம், பார்த்தால் போதும். 1988இல் களக்காடு, முண்டந்துறைச் சரணாலயங்களைச் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கிய பகுதி அது. அனுமதி இல்லாமல் ஒரு பிடி பாசிகூட எடுக்கக்கூடாது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் இருக்கும் எந்த உயிரையும் எடுப்பதைத் தடுக்கிறது. செடித்தொட்டியை அலங்கரிக்க மலைப்பாசி கேட்பவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். கொண்டுவந்தாலும் சமவெளியில் ஒரு கோடை தாங்காது.

‘நம்ம ஊர்ப் பாசிதானா’ என்ற கேள்விக்கு ஆம் என்றே பதில் சொல்கிறேன். பிரையம் கொரோனேட்டம் வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் இயல்பாக வளர்வது. யாரும் கொண்டுவந்து வைத்ததில்லை. தூளைவிட நைசான ஸ்போர் காற்றில் எவ்வளவு தூரமும் போகும் என்பதால், ஒரு மாவட்டத்துக்கு மட்டும் சொந்தம் என்று இவற்றைச் சொல்ல முடியாது. வீட்டுத் தரையில், சுவரடியில் வளர்கிற இனங்களுக்கு இது இன்னும் பொருந்தும். இங்கே மட்டுமே உள்ளது, அபூர்வமானது என்ற எதிர்பார்ப்பில் கேட்டிருந்தால் அப்படிச் சொல்ல இடமில்லை. ஆனால் உங்கள் வளவில் தானாக வந்து, தானாக நிற்கும் இந்த மண்ணின் செடி என்பதில் தடையில்லை.

மண் கெட்டுப்போனதா? இல்லை. பாசி வந்தால் மண் புளித்துவிட்டது, சுண்ணாம்பு போடு என்று சொல்பவர்கள் உண்டு. புளிப்பு மண்ணை விரும்பும் பாசிகள் இருக்கின்றன, அது உண்மைதான். ஆனால் மேலே சொன்ன ஹையோஃபிலா சுண்ணாம்புக் காரையிலும் சிமென்டிலும் செழிக்கிறது. அவை புளிப்புக்கு நேர் எதிர். ஆகவே பாசி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து மண்ணின் புளிப்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அது சொல்வது வேறு: இந்த இடத்தில் ஈரம் தங்குகிறது, நிழல் இருக்கிறது, மண் இறுகியிருக்கிறது, கொத்தாமல் விட்டிருக்கிறார்கள். தென்னைக்கோ வாழைக்கோ அதனால் எந்தக் கெடுதலும் இல்லை, அவற்றின் சாப்பாட்டை அது எடுப்பதில்லை. மழைத்துளி வேகமாக விழுந்து செம்மண்ணைக் கரைத்து ஓடுவதை அந்த மெல்லிய மெத்தை தடுக்கிறது. ஒரு பலத்த மழையின்போது அந்தத் திட்டையும் பக்கத்து வெறும் மண்ணையும் பாருங்கள், ஓடுகிற தண்ணீரின் நிறமே வேறாக இருக்கும். சுரண்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நடைபாதையில் படர்ந்து பெரியவர்களுக்கு வழுக்கும் என்றால் அந்த அளவுக்கு மட்டும் பிரஷ் போட்டுத் தேயுங்கள்.

தொட்டியில் வளர்க்கலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். முடியும். உள்ளங்கை அளவுக்கும் குறைவாக, அடியில் அரை அங்குல மண்ணோடு சேர்த்துத் தட்டையாகப் பெயர்த்து, அதே செம்மண்ணை அழுத்தி நிரப்பிய சட்டியில் பதியவைத்து, அதே சுவரின் வடபக்கத்திலேயே வையுங்கள். மழைத்தண்ணீரோ ஆற்றுத்தண்ணீரோ தெளியுங்கள். உப்பு ஏறின போர்வெல் தண்ணீர் வேண்டாம். இலை மேல் வெள்ளையாகப் படிந்து செடி கருகும். பாசியை மோரில் அரைத்துப் பூசினால் சுவரெல்லாம் பச்சையாகும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். பாசித் துண்டிலிருந்து புதுச் செடி வரும் என்பது சரி. மோர் அதற்கு உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. நான் பூசிப் பார்த்த இடத்தில் பூஞ்சைதான் முதலில் வந்தது. தண்ணீரில் பிசைந்து தூவினாலே போதும்.

இனத்தை உறுதி செய்ய என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். இலைச் செல்களின் வடிவம், இலை ஓரம், உள்வட்டப் பற்களின் அமைப்பு இவற்றை மைக்ரோஸ்கோப்பில்தான் பார்க்க முடியும். பிரையத்தில் ஒன்றையொன்று ஒத்த இனங்கள் பல இருக்கின்றன. நாற்பது வருஷம் பார்த்தவரானாலும் ஸ்லைடு போடாமல் பெயர் எழுதமாட்டார். சாம்பிள் எடுப்பது ரொம்ப எளிது. பூச்செடிபோல் அழுத்திக் காயவைக்கத் தேவையில்லை. தீப்பெட்டி அளவு பாசியை, காப்ஸ்யூலோடு, செய்தித்தாளை மடித்துச் செய்த பொட்டலத்தில் போட்டு நிழலில் காயவிடுங்கள். பாலித்தீன் பை மட்டும் வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும். பொட்டலத்தின் மேல் தேதி, ஊர், சுவரின் எந்தப் பக்கம், என்ன மண், நிழலா வெயிலா என்று எழுதுங்கள். கொடைக்கானல் செண்பகனூரில் இருந்த ஃபொரோ பாதிரியார் பழநிமலையில் சேகரித்த பாசிகளை இன்றைக்கும் ஆய்வுக்கு எடுத்துப் பார்க்க முடிகிறது என்றால், காய்ந்த பாசி தண்ணீர் பட்டால் பழைய வடிவத்துக்கு வந்துவிடுவதால்தான். பக்கத்துக் கல்லூரி ஒன்றின் தாவரவியல் துறையில் கொடுத்தால் ஸ்லைடு போட்டுப் பார்ப்பார்கள். அங்கே முடியவில்லை என்றால் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் காய்ந்த தாவரங்களைச் சேர்த்துவைக்கும் ஹெர்பேரியம் இருக்கிறது, எழுதிக் கேட்கலாம்.

அதுவரைக்கும் எனக்கு ஒரு படம் மட்டும் அனுப்புங்கள். தரையோடு தரையாகக் குனிந்து, ஒரே ஒரு காம்பைப் பக்கவாட்டில், பின்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுங்கள். காலை எட்டு மணி வெளிச்சம் நன்றாக இருக்கும். கழுத்துப் புடைப்பு தெளிவாகத் தெரிந்தால் கொரோனேட்டம் என்று இன்னும் ஒரு படி உறுதியாகச் சொல்வேன். மாசி வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள். அப்புறம் மூடி கழன்று, தூள் கொட்டி, காம்புகள் வெறும் கூடாகத்தான் நிற்கும்.